வேரோடு கொண்டு வாங்க

புரட்டாசியில் இரண்டு உழவு மழை பெய்துவிட்டால் அப்பத்தாவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. விடியுமுன்னே நீத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஓலைப்பெட்டியை இடுக்கிக்கொண்டு வைப்பாற்றுப் பக்கம் நடக்கத் தொடங்கிவிடுவாள். சாத்தூருக்கு மேற்கே எங்கள் ஊர். முக்கால்வாசி கரிசல், கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் நஞ்சை. ஏழு வயதில் அவள் பின்னால் நடக்க ஆரம்பித்தேன். இப்போது எனக்கு 56. செடி பறித்து, உலர்த்தி, நாட்டு மருந்துக் கடைக்கும் சித்த வைத்தியர்களுக்கும் கொடுப்பதுதான் இத்தனை வருஷமும் என் பிழைப்பு.

முதல் பாடம் கீழாநெல்லி. வரப்பில் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி நீட்டினேன்.

“என்னது இது?”

“கீழாநெல்லி, அப்பத்தா.”

“எப்படிச் சொல்றே?”

“இலைக்கு அடியில காய் இருக்குல்ல.”

அவள் அதை வாங்கித் தண்டைப் பார்த்தாள். வரப்புக்கு அந்தப் பக்கம் வீசினாள். “பேரைச் சொல்லாத தாயி. செடியைக் காட்டு.”

அன்று வெயில் ஏறும்வரை மூன்று செடிகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் பிடுங்கியதில் தண்டு செவ்வரி ஓடிக் கிடந்தது. காய் காம்பில்லாமல் குச்சியோடு ஒட்டியிருந்தது; விரல் நுனியால் தடவினால் சொரசொரவென்றது. அவள் தேடிய செடியின் தண்டு பச்சை. காய் கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, நூல் மாதிரி ஒரு காம்பில் தொங்கியது, தடவினால் வழுவழுப்பு. மூன்றாவது மேலாநெல்லி. அதன் இலை அடியில் ஒடுங்கி நுனியில் அகன்றிருக்கும். மற்ற இரண்டின் இலைபோலப் புளிய இலை சாயலில் வரிசை கட்டி நிற்காது. மூன்றையும் என் கண்ணை மூடச் சொல்லி விரலில் தடவிக் கொடுத்தாள். சரியாகச் சொன்ன பிறகுதான் கம்பங்கூழ் கலயத்தைத் திறந்தாள்.

பிற்காலத்தில் இவற்றின் அறிவியல் பெயர்களைத் தெரிந்துகொண்டேன். அப்பத்தா தேடியது பில்லாந்தஸ் அமாரஸ். வீசியெறிந்தது பில்லாந்தஸ் யூரினேரியா. மேலாநெல்லி பில்லாந்தஸ் மெட்ராஸ்படென்சிஸ், மெட்ராஸின் பெயரையே சுமந்துகொண்டிருக்கிற செடி. கடைச்சரக்காக உலர்ந்து நொறுங்கி மூட்டைக்குள் போய்விட்டால் மூன்றும் ஒரே தூள்தான். அதற்குப் பிறகு பிரிப்பது கஷ்டம். பிரிக்க வேண்டிய இடம் வரப்பு. பறிக்கிறவள் கைதான் முதல் சோதனைச்சாலை என்பது என் கருத்து. அந்தப் பொறுப்பை நான் வேறு யார்மீதும் தள்ளியதில்லை.

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி என்று ஊரெல்லாம் சொல்லும். இதில் படித்தவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும், சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும் மற்றவர்களும் சேர்ந்து 1988-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தக் கிருமியை உடம்பில் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றது அது. பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. எந்த இனம், எந்த மண்ணில் விளைந்தது, எப்படிப் பறித்தது என்றெல்லாம் காரணம் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேள்விப்பட்டபோது எனக்கு வரப்பில் அப்பத்தா வீசியெறிந்த செடிதான் ஞாபகம் வந்தது.

காமாலைக்கு இலை கேட்டு வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ரத்தம் பார்த்தாச்சா என்றுதான். கண் மஞ்சளாவது ஓர் அடையாளம். கல் அடைத்தாலும் வரும், எலிக்காய்ச்சலாலும் வரும், ஈரல் கெட்டாலும் வரும். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிவிட்டு வைத்தியர் சொன்னதாகக் கேட்டால்தான் கொடுப்பேன். இதனால் என்மேல் வருத்தப்பட்டவர்கள் உண்டு. வருத்தம் ஆறிவிடும்.

பதினெட்டு வயதில் ஒரு தப்பு செய்தேன். விருதுநகரில் நாங்கள் சரக்குக் கொடுக்கும் கடை அண்ணாச்சி நன்னாரி வேர் கேட்டிருந்தார். அப்பத்தாவுக்கு அப்போது முழங்கால் வலி. நான் தனியாகப் போய் ஓடைக்கரைப் புதரில் நாலு நாள் தோண்டினேன். நன்னாரிக் கொடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே கொடியில் ஓர் இலை கத்தி மாதிரி நீண்டிருக்கும், இன்னோர் இலை அகன்றிருக்கும். கிள்ளினால் பால் வரும். அதே புதரில் அகன்ற இலையும் பாலும் உள்ள வேறொரு கொடியும் பின்னிக் கிடந்தது. இலை மாறும் என்பதுதான் எனக்குத் தெரியுமே, அதையும் சேர்த்துத் தோண்டிவிட்டேன்.

அண்ணாச்சி சாக்கைத் தரையில் கொட்டினார். கோபப்படவில்லை. ஒரு வேரை எடுத்து நகத்தால் பட்டையைக் கீறி என் மூக்குக்குக் கீழே நீட்டினார். பரண்மேல் வைத்த பழைய பாகு வெல்லமும் மழை ஈரமும் கலந்த மாதிரி அந்த வாசம். இன்னொன்றைக் கீறி நீட்டினார். வெறும் மண் வாசம். “மோந்து பாத்து நீயே பிரி தாயி. இது சர்பத்துக்கு மட்டும் போறதில்ல, பிள்ளை பெத்தவளுக்கும் கஷாயத்தில போகுது” என்றார். கடை வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு வேராகக் கீறிக் கீறி, சாயங்காலம் வரை பிரித்தேன். பாதிக்குப் பாதி தேறவில்லை. மூக்கு மரத்துப்போகும்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

நன்னாரி வேர் பென்சில் கனம்தான் இருக்கும். மேலே கருத்த பழுப்புப் பட்டை, அதில் குறுக்கே வெடிப்பு. வாசமெல்லாம் பட்டையில். நடுவில் இருக்கும் நரம்பை உருவிப் போட்டுவிட வேண்டும். மாகாளிக் கிழங்குக்கும் இதே வாசம் உண்டு, ஆனால் அது விரல் தடிமனுக்கு மேல் சதைப்பற்றாக இருக்கும்; ஊறுகாய்க்குப் போகிற சரக்கு அது. ஆக, மூக்கை மட்டும் நம்பினாலும் தவறும். இலை, பால், வாசம், வேரின் உருவம், வெடிப்பு எல்லாம் சேர்ந்து ஒரே பதிலைச் சொன்னால்தான் அது நன்னாரி.

எளிய வழி எதுவும் கிடையாது என்பதை நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆடு தின்றால் மனுஷனும் தின்னலாம் என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பறவை கொத்தின பழம் விஷமில்லை என்கிறார்கள். கசந்தால் மருந்து என்கிறார்கள். 2012-ல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீருக்காக ஊர் ஊராகச் சரக்குக் கேட்டார்கள். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கு சேர்வது அது. கசப்பாக எது கிடைத்தாலும் நிலவேம்பு என்று சாக்கில் அடைத்தவர்களை அந்த வருஷம் நான் பார்த்தேன். கோபுரந்தாங்கிகூட நிலவேம்புக் கட்டுக்குள் இருந்தது. இரண்டும் ஒரே குடும்பம். நிலவேம்பின் தண்டு நாலு பட்டையாக, இலை மயிரில்லாமல் இருக்கும். கோபுரந்தாங்கி உடம்பெல்லாம் ரோமம். இருட்டில்கூடத் தடவிச் சொல்லிவிடலாம். தடவிப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

ஆடு தொடாத செடி இரண்டு எங்கள் பக்கம் உண்டு. இரண்டுக்கும் பெயரிலேயே ஆடு இருக்கிறது. ஒன்று ஆடாதோடை. வேலி ஓரத்தில் மாவிலை மாதிரி நீண்ட இலையோடு நிற்கும், ஆடு மோந்துவிட்டு விலகும். இருமலுக்கும் சளிக்கும் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வந்த இலை. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்தை உண்டாக்கினார்கள். இருமல் டானிக் பாட்டிலில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வேலி ஞாபகம் வரும்.

இன்னொன்று ஆடுதின்னாப்பாளை. இதைப் பற்றித்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

கரிசலில் தரையோடு படரும். சாம்பல் பூத்த பச்சையில், சிறுநீரக வடிவத்தில் இலை. கசக்கினால் குமட்டும். பூ கருஞ்சிவப்பில் குழாய் மாதிரி, சின்ன ஊதுகுழல்போல இருக்கும். தரைக்கு வெகு பக்கத்தில் பூப்பதால் குனிந்து இலையை விலக்கினால்தான் தெரியும். அதன்மேல் உடம்பெல்லாம் சதைமுள்ளோடு கருஞ்சிவப்பாய் ஒரு புழு இருக்கும். செடியின் விஷத்தைத் தன் உடம்பில் சேர்த்துக்கொண்டே வளர்கிற புழு அது. சிவப்பு உடலோடு கறுப்புச் சிறகு விரித்துப் பட்டாம்பூச்சியாகப் பறக்கும்போதும் அந்த விஷம் கூடவே இருப்பதால் பறவைகள் அதை விட்டுவிடும். சிறுமியாக அந்தப் புழுக்களை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

அப்பத்தா அந்த இலையைக் குழந்தைகளுக்கு வயிற்றுப் பூச்சிக்குக் கொடுப்பாள். எனக்கும் கொடுத்திருக்கிறாள், என் தம்பிகளுக்கும் கொடுத்திருக்கிறாள். அவள் காலத்துக்குப் பிறகு நானும் கொடுத்திருக்கிறேன். பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன்னால், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுப் பக்கத்து ஊரில் வைத்தியம் பார்க்க வந்த டாக்டரம்மா ஒருவரிடம் சரக்குக் கொடுத்துவந்தேன். ஒருநாள் பெட்டியில் ஆடுதின்னாப்பாளையைப் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்துச் சிகிச்சை நிலையம் ஒன்றில் உடம்பு மெலிவதற்குச் சீன மூலிகை கலந்த மாத்திரை கொடுத்தார்கள். அதில் சேர்த்திருக்க வேண்டியது ஹான் பாங் ஜி என்ற வேர். சேர்ந்ததோ குவாங் பாங் ஜி என்ற இன்னொரு வேர். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். இரண்டாவது நம் ஆடுதின்னாப்பாளையின் இனம், அரிஸ்டலோக்கியா. நூறு பேருக்கு மேல், பெரும்பாலும் பெண்களுக்கு, சிறுநீரகம் பழுதானது. பலருக்கு டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம். சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய். அந்தச் செடிகளில் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம்தான் காரணம் என்று தெரிந்தது. இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகுப்பில் வைத்திருக்கிறது.

“உடனே ஒண்ணும் காட்டாதுக்கா. வருஷக்கணக்கா உள்ளே இருந்து கெடுக்கும். அதனாலதான் உங்க அப்பத்தாவுக்குத் தெரிஞ்சிருக்க வழியில்ல” என்றார் டாக்டரம்மா.

அந்த வாக்கியத்தில் அவர் என் அப்பத்தாவைக் காப்பாற்றினார். நான் வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நான் கொடுத்த குழந்தைகளின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்தேன். எத்தனை உருண்டை, எத்தனை தடவை என்று கணக்குப் போட்டேன். ஐந்து வீடு. ஐந்து வீட்டுக்கும் போய்ச் சொன்னேன்: வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீரும் ரத்தமும் சோதித்துப் பாருங்கள், காரணம் கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள் என்று. ஒருத்தி வீட்டில் கதவைச் சாத்தினாள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். வயிற்றுப் பூச்சிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் மாத்திரை தருகிறார்கள், அதைப் போடுங்கள் என்றுதான் இன்று சொல்கிறேன். ஆடுதின்னாப்பாளையைப் பறிப்பதை அன்றோடு விட்டேன். அது புழுவுக்கும் பட்டாம்பூச்சிக்கும் கரிசலில் இருக்கட்டும்.

செடியைப் பழகிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. குப்பைமேனியை எடுத்துக்கொள்ளுங்கள். சொறி சிரங்குக்கு உப்பும் மஞ்சளும் வைத்து அரைத்துப் பூசுவது சரி. அதைச் சாறெடுத்துக் குடிக்கக் கொடுக்கும்போது, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்தவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. இலங்கை மருத்துவர்கள் அப்படிப்பட்ட நோயாளிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். யாருக்கு அந்தக் குறைபாடு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் வெளிப்பூச்சுக்கு மட்டும்தான் கொடுப்பேன்.

ஒருமுறை திருச்சி புனித ஜோசப் கல்லூரியிலுள்ள ராபினாட் ஹெர்பேரியத்துக்கு டாக்டரம்மா கூட்டிப் போனார். அருட்தந்தை கே.எம். மேத்யூ 1967-ல் தொடங்கியது. தமிழ்நாட்டுச் செடிகளைப் பதிவு செய்த அவருடைய பெரிய நூல்கள் அங்கே உருவானவை. தடித்த தாளில் செடியை வேர், இலை, பூ, காய் எல்லாம் தெரிய ஒட்டி, கீழே எந்த ஊர், எந்தத் தேதி, யார் பறித்தது என்று எழுதி வைத்திருந்தார்கள். தாளைத் திருப்பத் திருப்ப எனக்கு அப்பத்தாவின் மடியில் கிடந்த மூன்று செடிகள்தான் தெரிந்தன. அவள் இங்கே வந்திருந்தால் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள்.

விஷத்தைப் பற்றியே எழுதிவிட்டேன். சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசியில் கரிசல் களையெடுப்புக்குப் போகிற பெண்கள் மடி நிறையக் கீரையோடு வீடு திரும்புவார்கள். இளஞ்சிவப்புக் கதிர் வருமுன் கிள்ளிய பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமட்டிக்கீரை, சாரணைக் கொழுந்து, பருப்புக்கீரை. ஐந்தாறு கீரையையும் ஒன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு மத்தால் கடைந்தால், கம்பஞ்சோற்றுக்கு அதைப்போல இன்னொன்று கிடையாது. தண்ணீரை வடிப்பது முக்கியம். சாரணையிலும் பருப்புக்கீரையிலும் ஆக்ஸலேட் அதிகம், கல் உள்ளவர்கள் தள்ளி இருப்பது நல்லது. பிரண்டைக்கும் இதே கதை. நார் உரித்து, நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, புளி சேர்த்து அரைக்காவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். உரிக்கும் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளவும் வேண்டும்.

அந்தக் கலவைக் கீரை இப்போது அரிதாகிவருகிறது. களைக்கொல்லி தெளித்த காட்டில் முதலில் கருகுவது இவைதான். தெளித்த வரப்பில் மறுமழைக்குத் துளிர்த்தாலும் நான் பறிப்பதில்லை. யார் காட்டில் எப்போது தெளித்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மேற்கே மலையடிவாரம் 1988-லேயே சரணாலயமாகிவிட்டது, 2021-ல் புலிகள் காப்பகமும் ஆனது. அங்கே பறிக்கக் கூடாது, நான் போவதும் இல்லை. எனக்கு மிஞ்சியிருப்பது கண்மாய்க்கரை, ஓடை, தெளிக்காத ஏழெட்டுப் பேருடைய காடு. அதிலும் மூன்று செடி நின்றால் ஒன்றைத்தான் எடுப்பேன். வேர் தோண்டினால் பாதியை மண்ணுக்கே விட்டுவிடுவேன்.

இப்போதெல்லாம் போனில் படம் அனுப்பி, “அக்கா, இது என்ன செடி?” என்று கேட்கிறார்கள். படத்தில் இலை மட்டும் இருக்கும். நான் ஒரே பதிலைத்தான் அனுப்புவேன்: வேரோடு கொண்டு வாங்க.

போன கார்த்திகையில் ஒரு டீச்சர் படம் அனுப்பினார். அவருடைய மாமியாருக்குக் கால் வீக்கம், வைத்தியர் மூக்கிரட்டை வேர் எழுதிக் கொடுத்திருக்கிறார், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே நிறையக் கிடக்கிறதாம். கொண்டு வாங்க என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒற்றையடிப் பாதையில் நடந்தே வந்தார். பையில் ஒரு கத்தைச் செடி, வேரும் மண்ணுமாக.

ஒன்றை எடுத்துத் திண்ணையில் விரித்தேன். இலை தடிப்பு, சதைப்பற்று. கணுவில் காம்பு உறைபோல விரிந்து தண்டைக் கவ்வியிருந்தது. அந்த உறைக்குள் ஒரே ஒரு பூ, காம்பில்லாமல் பதுங்கியிருந்தது. சாரணை.

“இது கீரைதான், கடைஞ்சு சாப்பிடலாம். ஆனா உங்க வைத்தியர் கேட்டது இது இல்ல டீச்சர்.”

“ரெண்டும் ஒரே மாதிரி இருக்கேக்கா?”

“தரையில படர்ந்து கிடக்கும்போது அப்படித்தான் தெரியும். மூக்கிரட்டைக்குப் பூ நீளக் குச்சியில நிக்கும். குன்றிமணில பாதிகூட இருக்காது, கத்தரிப்பூ நிறம். காய் பச்சையா, கையில பிசுபிசுன்னு ஒட்டும்.”

காட்டலாம் என்று எழுந்தேன். கொல்லையில் இரண்டு கொடி வைத்திருந்தேன். அவரும் எழுந்து புடவையை உதறினார். உதறிய கொசுவத்தின் ஓரத்தில், பார்டரோடு பார்டராக, ஏழெட்டுப் பச்சைக் காய் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து ஒன்றைப் பிய்த்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஐந்து வரி ஓடிய சின்னக் காய்.

“இது எங்கிருந்து வந்துச்சு?”

“நீங்க நடந்து வந்த பாதையில இருந்துதான். வாங்க, வந்த வழியே திரும்பிப் போய்ப் பாப்போம்.”